டுபாயில் வீடு வாடகைக்கு எடுப்போர் கையொப்பமிட முன்னர் அறிந்திருக்க வேண்டியவை

வளைகுடாவுக்குப் புறப்படும் எம்மவர்கள் விசா, டிக்கெட், சம்பளம் ஆகிய மூன்றையும் பற்றி ஊரில் வைத்தே பலரிடம் விசாரித்து விடுகிறார்கள். தங்கும் இடத்தைப் பற்றி மட்டும் "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம், நம்மட ஆக்கள் இருக்காங்கதானே" என்று விட்டு விடுகிறார்கள். ஆனால் டுபாயில் மாதச் சம்பளத்தில் பெரும் பங்கை விழுங்குவதும், ஒரு தவறான கையொப்பத்தால் பல மாதச் சேமிப்பைக் கரைத்துவிடுவதும் இந்த வாடகை விவகாரம்தான்.

நான் கராமாவிலும் பின்னர் அல் நஹ்தாவிலும் பல வருடங்களாக வாடகைக்குக் குடியிருந்து வருகிறேன். எனது தொழில் கணக்குப் பிரிவு என்பதால், ஊரவர்கள் தமது வாடகை ஒப்பந்தங்களை வாசித்துச் சொல்லுமாறு என்னிடம் கொண்டுவருவது வழக்கம். நான் சட்டத்தரணி அல்ல. எனினும் ஒரே விதமான சிக்கல்கள் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டதால், புதிதாக வருபவர்களுக்கும் குடும்பத்தை அழைக்க எண்ணியிருப்பவர்களுக்கும் பயன்படும் என்ற நோக்கில் இவற்றை ஓரிடத்தில் தொகுத்துத் தருகிறேன். இங்கு சொல்லப்படுபவை டுபாய் அமீரகத்துக்குரிய விதிகள். அபூதாபியில் தவ்தீக், சவூதியில் ஈஜார் என ஒவ்வோரிடத்திலும் பதிவுமுறை வேறு என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டிலா, அறையா, வீடா?

தனியாக வருபவர்களில் பெரும்பாலானோர் முதலில் தேடுவது 'பெட் ஸ்பேஸ்' எனப்படும் கட்டில் இடம் அல்லது பலகையால் தடுத்த 'பார்ட்டிஷன்' அறை. தெய்ரா, சத்வா, கராமா பகுதிகளில் மின்கம்பங்களிலும் பஸ் நிறுத்தங்களிலும் இதற்கான துண்டுகள் ஒட்டப்பட்டிருக்கும். செலவு குறைவு என்பது உண்மை. ஆனால் இதில் உங்கள் பெயரில் எந்த ஆவணமும் இருப்பதில்லை என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

வாடகைச் சட்டத்தின்படி, வீட்டு உரிமையாளரின் எழுத்துமூல அனுமதியின்றி வாடகையாளர் அந்த வீட்டை இன்னொருவருக்குக் கீழ்வாடகைக்கு விட முடியாது. அப்படி விட்டால் வாடகையாளரையும் அவரிடம் இருப்பவரையும் சேர்த்தே வெளியேற்ற உரிமையாளருக்கு உரிமை உண்டு. வெளியேற்றப்படும் கீழ்வாடகையாளர் தனது நட்டத்தைத் தனக்கு வாடகைக்கு விட்டவரிடம்தான் கேட்க முடியும். அந்த ஆள் நாட்டை விட்டே போய்விட்டால் யாரிடம் கேட்பது?

அனுமதியின்றிப் பலகைத் தடுப்புகள் போடுவதும் குற்றமே. தீ விபத்தின்போது வெளியேறும் வழி அடைபடுவதே இதற்கு முக்கிய காரணம். 2025 ஜூன் மாதம் அல் ரிக்கா, அல் முரக்கபாத், சத்வா, அல் பர்ஷா, அல் ரஃபா ஆகிய பகுதிகளில் மாநகர சபை இதற்கெதிராகக் கடும் சோதனைகளை நடத்தியது. ஒரே நாளில் பெட்டியுடன் வீதிக்கு வந்தவர்களில் எம்மவர்களும் இருந்தார்கள்.

கட்டில் இடம்தான் உங்களுக்குக் கட்டுப்படியாகும் என்றால் மூன்று விடயங்களைக் கேளுங்கள். வீட்டின் பதிவு யாருடைய பெயரில் இருக்கிறது? பகிர்ந்து வாழ உரிமையாளரின் எழுத்துமூல அனுமதி இருக்கிறதா? 'டுபாய் ரெஸ்ட்' செயலியில் உடன் வசிப்பவராக உங்கள் பெயரைப் பதிவு செய்வார்களா? 2022 முதல் வீட்டில் வசிக்கும் அனைவரையும் பதிவு செய்யுமாறு காணித் திணைக்களம் கேட்டிருக்கிறது. இம்மூன்றுக்கும் மழுப்பலான பதில் வந்தால், ஊரவர் என்ற ஒரே காரணத்துக்காக முற்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

கையில் எவ்வளவு இருக்க வேண்டும்?

கொழும்பில் ஆறு மாதம், ஒரு வருடம் என்று முற்பணம் கொடுத்து, பின் மாதாமாதம் கழித்துக்கொள்ளும் முறைக்கு நாம் பழகியவர்கள். டுபாயில் வாடகை ஆண்டுக்கென்றே பேசப்படும். அதை ஒன்று, இரண்டு, நான்கு, ஆறு அல்லது பன்னிரண்டு காசோலைகளாகப் பிரித்து முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். காசோலைகளின் எண்ணிக்கை குறைந்தால் வாடகையைச் சற்றுக் குறைத்துப் பேச இடமுண்டு.

உதாரணமாக ஆண்டு வாடகை 60,000 திர்ஹம், நான்கு காசோலைகள் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் காசோலை: 15,000 திர்ஹம்.
பாதுகாப்பு வைப்பு, தளபாடமற்ற வீட்டுக்கு வழமையாக 5 வீதம்: 3,000 திர்ஹம். (தளபாடம் உள்ள வீடாயின் 10 வீதம் கேட்பார்கள்.)
தரகர் கொமிஷன், வழமையாக 5 வீதம், அதன்மேல் 5 வீத வற் வரி: 3,150 திர்ஹம்.
இஜாரி பதிவு, சேவை நிலையத்தில்: சுமார் 220 திர்ஹம்.
டீவா எனப்படும் மின்சார, நீர் அதிகார சபைக்கு அடுக்குமாடி வீட்டுக்கான வைப்பு: 2,000 திர்ஹம்.
இணைப்புக் கட்டணம்: சுமார் 130 திர்ஹம்.

ஆக 60,000 திர்ஹம் வீட்டுக்குள் காலடி வைக்க முன்னரே ஏறத்தாழ 23,500 திர்ஹம் கையில் இருக்க வேண்டும். கட்டில், குளிர்சாதனப் பெட்டி, அடுப்பு எல்லாம் இதற்கு வெளியே. "மாதம் 5,000தானே" என்று கணக்குப் போட்டுக் குடும்பத்துக்கு டிக்கெட் எடுத்தவர்கள் பிறகு வட்டிக்கும் கைமாற்றுக்கும் அலைவதை நான் பல தடவை கண்டிருக்கிறேன்.

மாதாந்தச் செலவிலும் இரண்டு விடயங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, ஆண்டு வாடகையில் 5 வீதம் வீட்டுக் கட்டணமாகப் பன்னிரண்டாகப் பிரித்து டீவா பில்லுடன் வரும். மேற்சொன்ன வீட்டுக்கு அது மாதம் 250 திர்ஹம். இரண்டாவது, குளிரூட்டல். சில கட்டடங்களில் 'சில்லர் ஃப்ரீ' என்பார்கள். குளிரூட்டல் செலவு உரிமையாளருடையது. சில கட்டடங்களில் அதற்குத் தனி நிறுவனம், தனி வைப்பு, தனி பில். வேறு சிலவற்றில் ஏ.சி. உங்கள் மின்சார மீற்றரிலேயே ஓடும். ஜூலை, ஓகஸ்ட் மாத பில் எவ்வளவு வரும் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்பதில் வெட்கப்பட எதுவுமில்லை.

குடும்பத்தை அழைப்போருக்கு இன்னொரு குறிப்பு. குடும்ப விசாவுக்கு மாதச் சம்பளம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் இருக்க வேண்டும் என்பது பொது விதி. அதற்கான விண்ணப்பத்துடன் பதிவு செய்த வாடகை ஒப்பந்தமும் கேட்கப்படும். எனவே பதிவில்லாத அறையில் இருந்துகொண்டு குடும்பத்தை அழைக்கத் திட்டமிடுவது சாத்தியமில்லை.

யாருக்குக் காசு கொடுக்கிறோம்?

மோசடிகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. சந்தை வாடகையை விடக் குறைவான விலை, அழகான படங்கள், "இன்றே முற்பணம் அனுப்பாவிட்டால் இன்னொருவருக்குப் போய்விடும்" என்ற அவசரம். கதவைத் திறந்து காட்டுபவர் உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை. சாவி காவலாளியிடமும் இருக்கும், சில நாள் வாடகைக்கு எடுத்தவரிடமும் இருக்கும்.

எனவே இவற்றைச் சரிபாருங்கள். தரகரிடம் ரேரா வழங்கிய அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அதன் இலக்கத்தை டுபாய் ரெஸ்ட் செயலியில் தேடிப் பார்க்கலாம். வீட்டு உறுதியின் பிரதியையும் உரிமையாளரின் அடையாள ஆவணப் பிரதியையும் கேளுங்கள். இரண்டிலும் உள்ள பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். காசோலைகள் அதே பெயருக்கே எழுதப்பட வேண்டும். உரிமையாளருக்குப் பதிலாக வேறொருவரோ ஒரு முகாமை நிறுவனமோ கையொப்பமிட்டால், அதற்கான அற்றோர்னித் தத்துவத்தைப் பார்க்காமல் எதையும் கொடுக்க வேண்டாம். ரொக்கமாகக் கொடுப்பதைத் தவிருங்கள். தவிர்க்க முடியாவிட்டால் முத்திரையிட்ட பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு திர்ஹம் கூடக் கொடுக்காதீர்கள்.

காசோலை விளையாட்டுப் பொருளல்ல

பிற்திகதியிட்ட காசோலை திரும்பினால் சிறை என்ற அச்சம் எம்மவர்களிடம் நெடுங்காலம் இருந்தது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த மாற்றத்தின்படி, கணக்கில் பணம் போதாமல் காசோலை திரும்புவது பொதுவாகக் குற்றவியல் வழக்கல்ல. இதைக் கேள்விப்பட்டு, "இனிப் பயமில்லை" என்று சிலர் சொல்வது பாதி உண்மை மட்டுமே. திரும்பிய காசோலையை வைத்திருப்பவர் நீண்ட வழக்கின்றி நேரடியாகவே நிறைவேற்று நீதிமன்றத்துக்குப் போகலாம். கணக்கு முடக்கம், பயணத் தடை வரை அது செல்லக்கூடும். வேண்டுமென்றே கணக்கை மூடுவதும், காரணமின்றிக் கொடுப்பனவை நிறுத்துமாறு வங்கிக்குச் சொல்வதும் இன்றும் குற்றமே.

ஆகவே காசோலைத் திகதிகளைச் சம்பளம் வரும் நாளுக்குச் சில நாட்கள் பின்னதாக அமைக்கும்படி ஒப்பந்தத்தின்போதே கேளுங்கள். எல்லாக் காசோலைகளையும் படமெடுத்து வையுங்கள். பணம் பிந்தும் என்று தெரிந்தால், திகதிக்கு முன்னரே எழுத்துமூலம் அறிவித்துப் பேசுங்கள்.

ஒப்பந்தமும் இஜாரியும்

டுபாயின் வாடகைச் சட்டம் 2007 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்கச் சட்டமாகும். அது 2008 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்டது. ஒப்பந்தத்தை 'இஜாரி' முறையில் பதிவு செய்வது கட்டாயம். அந்தச் சொல்லுக்கு 'எனது வாடகை' என்று பொருள். பதிவில்லாவிட்டால் மின்சார இணைப்பும் குடும்ப விசாவும் மட்டுமன்றி, பிணக்கு வந்தால் முறையிடுவதும் சிக்கலாகிவிடும்.

அச்சிட்ட பொது ஒப்பந்தம் அரபியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். பிணக்கு வந்தால் அரபு வாசகமே எடுக்கப்படும். அதனுடன் இணைக்கப்படும் மேலதிக நிபந்தனைத் தாளையே நான் எப்போதும் முதலில் வாசிப்பேன். இடையில் வெளியேறினால் எத்தனை மாத வாடகை தண்டம்? புதுப்பிக்க விருப்பமில்லை என்றால் எத்தனை நாட்களுக்கு முன் அறிவிக்க வேண்டும்? சிறு திருத்தம் என்றால் எத்தனை திர்ஹம் வரை? வர்ணம் பூசும் செலவு யாருடையது? சில்லறையாகத் தெரியும் இந்த வரிகளில்தான் பின்னர் வைப்புப் பணம் கரையும். உரிமையாளர் வாயால் சொன்ன வாக்குறுதி எதுவானாலும், "ஏ.சி. மாற்றித் தருவேன்" என்பதாக இருந்தாலும், அந்தத் தாளில் எழுதச் சொல்லுங்கள்.

வாடகையை உயர்த்துவதாகச் சொன்னால்

எம்மவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. ஒப்பந்தம் முடிவதற்குச் சில வாரங்கள் இருக்கும்போது, "அடுத்த வருடம் இவ்வளவு, இல்லாவிட்டால் காலி செய்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும். பலர் பயந்து சம்மதித்து விடுகிறார்கள்.

சட்டம் சொல்வது வேறு. வாடகை உட்பட எந்த நிபந்தனையையும் மாற்ற விரும்புபவர், இரு தரப்பும் வேறுவிதமாக உடன்பட்டிருந்தாலன்றி, ஒப்பந்தம் முடிய குறைந்தது 90 நாட்களுக்கு முன்னர் அறிவிக்க வேண்டும். உயர்வின் அளவையும் 2013 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்க ஆணை வரையறுக்கிறது. உங்கள் வாடகை அதேபோன்ற வீடுகளின் சராசரியை விட 10 வீதம் வரை மட்டுமே குறைவு என்றால் உயர்வே கிடையாது. 11 முதல் 20 வீதம் வரை குறைவென்றால் உயர்வு 5 வீதம். 21 முதல் 30 வரை என்றால் 10 வீதம். 31 முதல் 40 வரை என்றால் 15 வீதம். 40 வீதத்துக்கு மேல் குறைவென்றால் அதிகபட்சம் 20 வீதம்.

உங்கள் வாடகை 60,000, சராசரி 70,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் செலுத்துவது சுமார் 14 வீதம் குறைவு. ஆகவே கூடியபட்ச உயர்வு 5 வீதம், அதாவது 63,000 திர்ஹம். உரிமையாளர் 72,000 கேட்டால் அது அவரது ஆசை மட்டுமே. சராசரியை அறிய 2025 ஜனவரியில் காணித் திணைக்களம் புதிய 'ஸ்மார்ட்' வாடகைச் சுட்டியை அறிமுகம் செய்தது. கட்டடத்தின் தரத்தையும் அது கணக்கில் எடுக்கிறது. இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து மரியாதையான ஒரு கடிதத்துடன் அனுப்பியதிலேயே பல விவகாரங்கள் முடிந்திருக்கின்றன.

"வீட்டைக் காலி செய்" என்றால்

ஒப்பந்தம் முடிந்த பின் வெளியேற்றுவதற்கும் சட்டத்தில் குறிப்பிட்ட காரணங்கள் வேண்டும். வீட்டை விற்பது, தானோ முதல்நிலை உறவினரோ குடியிருப்பது, இடித்துக் கட்டுவது, ஆள் இருக்க முடியாத அளவு பெரிய திருத்தம் ஆகியவையே அவை. அதற்கான அறிவித்தல் 12 மாதங்களுக்கு முன், நொத்தாரிசு மூலமோ பதிவுத் தபாலிலோ தரப்பட வேண்டும். வாட்ஸ்அப் செய்தியோ தரகரின் தொலைபேசி அழைப்போ இதற்குப் போதாது. "எனக்கே வேண்டும்" என்று வெளியேற்றிய உரிமையாளர், இரண்டு வருடங்களுக்கு அந்த வீட்டை வேறொருவருக்கு வாடகைக்கு விட முடியாது. விட்டால் நீங்கள் நட்டஈடு கோரலாம்.

வீடு கைமாறினாலும் உங்கள் ஒப்பந்தம் தொடரும். மின்சாரத்தையோ தண்ணீரையோ துண்டித்து வெளியேற்ற முயல்வதும் சட்டவிரோதம். அதேவேளை, வாடகை செலுத்தாமல், அறிவித்தல் கிடைத்து 30 நாட்கள் கடந்தும் செலுத்தாவிட்டால் ஒப்பந்தக் காலத்துக்குள்ளேயே வெளியேற்றப்படலாம். உரிமையைப் பேசுபவர் கடமையிலும் சரியாக இருக்க வேண்டும்.

பலருக்கும் தெரியாத ஒரு விதியையும் சொல்ல வேண்டும். வாடகையாளர் மௌத்தாகிவிட்டால் ஒப்பந்தம் தானாக முடிந்துவிடாது. அது வாரிசுகளுக்குத் தொடரும். முடிக்க விரும்பினால் வாரிசுகள் உரிமையாளருக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்து குறைந்தது 30 நாட்களில், அல்லது ஒப்பந்தம் அதற்கு முன் முடிந்தால் அந்தத் திகதியில், அது முடிவுறும். ஜனாஸா வேலைகளுக்கு நடுவில் இதை யாரும் நினைப்பதில்லை. மீதிக் காசோலைகளும் வைப்புப் பணமும் அங்கேயே கிடந்துவிடும். எனவே ஒப்பந்தம், காசோலைப் படங்கள், வைப்புப் பற்றுச்சீட்டு ஆகியவற்றின் பிரதியை ஊரிலுள்ள மனைவியிடமோ பொறுப்பான ஒருவரிடமோ கொடுத்து வையுங்கள்.

வேலை போனால்

இடையில் வேலை இழப்பவருக்கு ஒருதலையாக ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமையைச் சட்டம் தரவில்லை. ஒப்பந்தத்தில் வெளியேறும் நிபந்தனை இருந்தால் அதுவே வழி. வழமையாக இரண்டு மாத அறிவித்தல், இரண்டு மாத வாடகைத் தண்டம் என்று எழுதுவார்கள். அந்த வரி இல்லாவிட்டால் உரிமையாளரின் இணக்கத்தில்தான் தங்கியிருக்க வேண்டும். ஆகவே வேலை நன்றாக இருக்கும்போதே, கையொப்பமிடும் நாளிலேயே, அந்த நிபந்தனையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சொல்லாமல் விமானம் ஏறுவது தீர்வல்ல. மீதமுள்ள காசோலைகள் அடுத்த முறை நீங்கள் வரும்போது உங்களுக்கு முன்னால் விமான நிலையத்தில் நிற்கும்.

குடியேறும் நாளும் வெளியேறும் நாளும்

சாவி வாங்கிய நாளிலேயே சுவர், தரை, குழாய், ஏ.சி., அலுமாரி அனைத்தையும் வீடியோ எடுத்து உரிமையாளருக்கு அனுப்புங்கள். திகதியுடன் அது இருவரிடமும் இருக்கும். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்படாவிட்டால், குடியிருப்புக் காலத்தில் வரும் பழுதுகளைத் திருத்துவது உரிமையாளர் பொறுப்பே. வழமையான பாவனையால் ஏற்படும் தேய்மானத்துக்காக வைப்புப் பணத்தில் கைவைக்கவும் முடியாது.

வெளியேறும்போது டீவா இறுதி பில்லைச் செலுத்தி, வைப்புப் பணத்தை மீளக் கோருங்கள். இஜாரிப் பதிவை இரத்துச் செய்யுங்கள். பயன்படுத்தப்படாத காசோலைகளைத் திரும்பப் பெறுங்கள். சாவி ஒப்படைத்ததற்குக் கையொப்பம் வாங்குங்கள். இந்த நான்கில் ஒன்றை விட்டாலும் பின்னர் ஊரிலிருந்து அதைத் தீர்ப்பது பெரும்பாடு.

பிணக்கு வந்தால்

தெய்ராவிலுள்ள காணித் திணைக்களத்தில் வாடகைப் பிணக்குத் தீர்வு நிலையம் இயங்குகிறது. 2013 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க ஆணையால் அமைக்கப்பட்டது. முறைப்பாட்டுக் கட்டணம் ஆண்டு வாடகையில் 3.5 வீதம், குறைந்தது 500, கூடியது 20,000 திர்ஹம். 60,000 திர்ஹம் வீட்டுக்கு 2,100 திர்ஹம். ஆவணங்கள் அரபியில் இருக்க வேண்டும், மொழிபெயர்ப்புச் செலவு தனி. முதலில் சமரசத்துக்கே முயல்வார்கள். சட்டப்படியான வாடகையை உரிமையாளர் வாங்க மறுத்தால், அதை அங்கேயே வைப்பிலிட்டு "செலுத்தவில்லை" என்ற குற்றச்சாட்டிலிருந்து தப்பவும் வழியுண்டு. 3,000 திர்ஹம் வைப்புக்காக 2,100 திர்ஹம் கட்டுவதா என்று தயங்குவது நியாயமே. அதனால்தான் எழுத்தும் படமும் ஆரம்பத்திலேயே தேவை. சான்று வலுவாக இருந்தால் பெரும்பாலும் நிலையம் வரை போக வேண்டியதில்லை.

எமது சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள்

டுபாயில் எமது ஊர்ச் சங்கங்கள் பல நன்றாக இயங்குகின்றன. ஜனாஸா அனுப்புவதற்கும் இப்தாருக்கும் முன்னிற்கும் அந்த இளைஞர்கள், மாதத்தில் ஒரு வெள்ளி மாலை ஒப்பந்தம் வாசித்துச் சொல்ல இருவரை அமர்த்தினால் எத்தனையோ பேரின் உழைப்பு காப்பாற்றப்படும். ஊரில் உள்ளவர்களும் பிள்ளையை அனுப்பும்போது "அங்கே நம்மட நானா பார்த்துக்கொள்வார்" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். அந்த நானாவும் பெரும்பாலும் இன்னொருவரின் பெயரிலுள்ள வீட்டில்தான் இருக்கிறார். நல்லவராகவே இருக்கட்டும், அவரிடமும் பற்றுச்சீட்டு வாங்குவது அவரைச் சந்தேகிப்பதாகாது. நாளை அவருக்கு ஒன்று நேர்ந்தாலும் உங்கள் காசுக்கும் அவரது பெயருக்கும் அந்தத் துண்டுத் தாளே பாதுகாப்பு.